நிலத்தடி நீர்மட்ட வரைபடம்: புள்ளியியலை எதுவரை நம்புவது, இயற்பியலை எங்கே சேர்ப்பது

ஒரு வடிநிலத்தில் நாற்பது, ஐம்பது கிணறுகளில் அளந்த நீர்மட்டத்தை வைத்துக்கொண்டு, யாரும் அளக்காத ஆயிரக்கணக்கான இடங்களில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்லத் துணிவதே நீர்மட்ட வரைபடம். கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் அதைச் சில நிமிடங்களில் வரைந்துவிடலாம். நீலமும் மஞ்சளும் சிவப்பும் வழுவழுவென்று பரவிய ஒரு படம் கிடைக்கும். பிறகு அந்தப் படம் கூட்டங்களில் மேசைமேல் விரிக்கப்படுகிறது. தடுப்பணைக்கு இடம் தேர்வதும், மழைநீர்ச் சேமிப்புக்குப் பணம் ஒதுக்குவதும், புதிய கிணறுகளுக்குக் கட்டுப்பாடு விதிப்பதும் அதைப் பார்த்தே நடக்கின்றன. தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்டவை என்று 2017ஆம் ஆண்டு மதிப்பீடு வகைப்படுத்தியது. இந்த நிலையில் ஒரு வரைபடம் ஐந்து மீட்டர் தவறாகச் சொன்னால், அதன் விளைவை ஏதோ ஓர் ஊர் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே எந்த முறையில் வரைவது என்பதை மென்பொருளின் இயல்பு அமைப்புக்கு விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தேர்வுக்கு உரியவை நான்கு. தூரத்தை மட்டும் பார்க்கும் எளிய இடைக்கணிப்பு (அளந்த இடங்களைக் கொண்டு இடைப்பட்ட இடங்களின் மதிப்பைக் கணிப்பது) முதலாவது. தரவின் இடம்சார் ஒற்றுமையைப் பயன்படுத்தும் கிரிகிங் இரண்டாவது. நிலவமைப்பு, ஆறு, கடல், நீரிறைப்பு பற்றிய இயற்பியல் அறிவைப் போக்காகச் சேர்த்த கிரிகிங் மூன்றாவது. நீரோட்டச் சமன்பாட்டையே தீர்க்கும் மாட்ஃப்ளோ போன்ற முழுமையான எண்முறை மாதிரி நான்காவது. இவற்றை ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட இரண்டு இடங்களில் நிறுத்திப் பார்க்கிறேன். ஒன்று, வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தொடங்கிக் கோவை, திருப்பூர் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலின் வடிநிலம். இது முழுவதும் கடினப்பாறைப் பகுதி. மற்றொன்று, சென்னைக்கு வடக்கே ஆரணியாறும் கொசஸ்தலையாறும் படிய வைத்த மீஞ்சூர்ப் பகுதியின் வண்டல்; இங்கே மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, கிழக்கே கடல் இருக்கிறது.

ஆழமா, உயரமா

முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தரையிலிருந்து நீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்ற ஆழத்தை இடைக்கணிப்பதா, கடல் மட்டத்திலிருந்து நீர் எத்தனை மீட்டர் மேலே நிற்கிறது என்ற உயரத்தை இடைக்கணிப்பதா? பெரும்பாலான வரைபடங்கள் இங்கேயே தடம் புரள்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஓடைப் பள்ளங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் பள்ளத்துக் கிணற்றின் தரைமட்டம் 400 மீட்டர், நீர் 8 மீட்டர் ஆழத்தில். இரண்டாவதன் தரைமட்டம் 404 மீட்டர், நீர் 10 மீட்டர் ஆழத்தில். நடுவே 420 மீட்டர் உயர மேடு. ஆழத்தை இடைக்கணித்தால் மேட்டின் உச்சியில் நீர் 9 மீட்டர் ஆழத்தில், அதாவது 411 மீட்டர் மட்டத்தில் நிற்கும். நீரின் உயரத்தை இடைக்கணித்தால் 392க்கும் 394க்கும் நடுவே 393 மீட்டர் வரும்; அதாவது மேட்டில் 27 மீட்டர் ஆழம். ஒரே தரவு, ஒரே முறை, ஆனால் விடைகளுக்கு இடையே 18 மீட்டர், அதாவது அறுபது அடி வேறுபாடு.

எது சரி என்று புள்ளியியலால் சொல்ல முடியாது. மண்ணும் பாறையும்தான் சொல்ல வேண்டும். இரண்டு ஓடைகளுக்கு இடையே மழைநீர் ஊறினால், ஊறிய நீர் பக்கவாட்டில் வடிந்து வெளியேற வேண்டும். பாறை அதை எளிதில் விடாவிட்டால் நடுவே நீர் மேடாகக் குவியும். அந்தக் குவியலின் உயரம், ஊறும் அளவை ஓடைகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீர்க்கடத்துத்திறன் (அடுக்கின் வழியே நீர் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதன் அளவு), நீர் நிறைந்த அடுக்கின் தடிமன், எட்டு ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்தால் கிடைக்கும். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் ஊறுகிறது, சிதைந்த பாறை அடுக்கின் தடிமன் 15 மீட்டர், அதன் கடத்துத்திறன் நாளொன்றுக்கு அரை மீட்டர் என்று வைத்தால், குவியல் 41 மீட்டர் வருகிறது. மேடே அதைவிடத் தாழ்வானது என்பதால் நீர்மட்டம் தரையைத் தொட்டுக்கொண்டு அதன் வடிவத்தைப் பின்பற்றும். ஆழத்தை இடைக்கணித்தவர் உண்மைக்கு அருகில் இருப்பார். அதே இடத்தில் 30 மீட்டர் தடிமனுள்ள மணல் இருந்து, அதன் கடத்துத்திறன் நாளொன்றுக்கு 30 மீட்டராக இருந்தால் குவியல் 35 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. நீர்மட்டம் தட்டையாகக் கிடக்கும், உயரத்தை இடைக்கணித்தவர் சரி. நீர்மட்டம் நிலத்தின் மங்கிய நகல்தானா என்ற கேள்விக்கு ஹைட்ஜெமாவும் மிட்செல்-ப்ருக்கரும் 2005இல் முன்வைத்த அளவுகோலின் சாரம் இதுதான்.

ஆனால் நொய்யல் வடிநிலத்தில் இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. ஊறும் நீரில் பெரும்பகுதியை மோட்டார்கள் மேலே கொண்டுவந்துவிடுகின்றன. ஊறும் 100 மில்லிமீட்டரில் 80 இறைக்கப்பட்டு 20 மட்டும் மிஞ்சினால், அதே பாறையில் குவியல் 8 மீட்டராகச் சுருங்கும். அப்போது மேட்டில் நீர் ஏறத்தாழ 401 மீட்டரில் நிற்கும். மேலே கண்ட இரண்டு விடைகளுக்கும் அது பொருந்தாது. எந்த அளவுக்கு நீர் உறிஞ்சப்படுகிறதோ அந்த அளவுக்கு நீர்மட்டம் நிலவமைப்பின் பிடியிலிருந்து விடுபடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மற்ற முறைகளைப் பார்க்க வேண்டும்.

தூரத்தை மட்டும் பார்க்கும் முறைகள்

1911இல் தீசன் மழையளவுக்காக வகுத்த பலகோண முறையும், 1968இல் ஷெப்பர்டு முன்வைத்த தலைகீழ்த் தூர எடை முறையும் இந்த வகையின. அருகில் உள்ள கிணற்றுக்கு அதிக எடை, தொலைவில் உள்ளதற்குக் குறைந்த எடை, அவ்வளவே. எளிமை இதன் நன்மை. ஒரே அமைப்பைத் தந்தால் யார் கையிலும் ஒரே விடை வரும். ஆனால் ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் வட்டமான திட்டுகள் தோன்றும். அளந்த மதிப்புகளின் எல்லையைத் தாண்டி எந்த இடத்திலும் மதிப்பு போகாது என்பதால், கிணறே இல்லாத மேட்டிலோ பள்ளத்திலோ இருக்கும் உச்சத்தையும் தாழ்வையும் இது ஒருபோதும் காட்டாது. தன் பிழை எவ்வளவு என்றும் சொல்லாது. ஊரையொட்டியும் சாலையோரமாகவும் கிணறுகள் கொத்தாக இருந்தால், அந்தக் கொத்து தன் எண்ணிக்கையாலேயே சுற்றுப்புறத்தை இழுத்துக்கொள்ளும். தரவைச் சரிபார்க்க, எண் மாறிப் பதிந்த கிணற்றைக் கண்டுபிடிக்க இந்த முறையை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. முடிவெடுக்கும் வரைபடத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டிய தேவை இன்று இல்லை.

கிரிகிங்

தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே 1951இல் தங்கத் தாதுவின் தரத்தை மதிப்பிடத் தொடங்கிய வழியை, பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் 1960களில் கோட்பாடாக்கினார். இதன் அடிப்படை வேரியோகிராம். ஒவ்வொரு கிணற்று இணைக்கும் நீர்மட்ட வேறுபாட்டின் வர்க்கத்தை எடுத்து, தூரத்துக்கு ஏற்பச் சராசரி பார்த்து, அதில் பாதியை வரைந்தால், எவ்வளவு தூரம் வரை கிணறுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்பது தெரியும்; அந்தத் தூரமே வேரியோகிராமின் வீச்சு. அந்த ஒற்றுமைக்கு ஏற்ப எடைகள் அமைகின்றன. கொத்தாக இருக்கும் கிணறுகளின் எடை தானாகவே குறைக்கப்படுகிறது. ஒவ்வொரு இடத்திலும் மதிப்போடு பிழையின் அளவும் கிடைக்கிறது.

இந்தப் பிழையளவைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். வேரியோகிராம் ஒன்றைப் பொருத்திய பின், அது கிணறுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை மட்டுமே பொறுத்தது. அங்கே அளந்த மதிப்புகள் எவ்வளவு முரணாக இருந்தாலும் அது மாறாது. வேரியோகிராம் தவறென்றால் பிழை வரைபடமும் தவறு. நம்பகமான வேரியோகிராமுக்கு நூறு புள்ளிகளாவது வேண்டும் என்பது புவிப்புள்ளியியலில் நன்கு அறிந்த நெறி. ஒரு வடிநிலத்தில் நம்மிடம் பெரும்பாலும் அதில் பாதிகூட இருப்பதில்லை.

அதைவிடப் பெரிய இடர் வேறு. சாதாரணக் கிரிகிங், சராசரி எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்று கொள்கிறது. கோவையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர். நொய்யல் காவிரியைச் சேரும் இடம் அதில் பாதி உயரம்கூட இல்லை. மேற்கிலிருந்து கிழக்காக நீர்மட்டம் இருநூறு மீட்டருக்கு மேல் சரியும் வடிநிலத்தில் நீர்மட்ட உயரத்துக்கு வேரியோகிராம் வரைந்தால், தூரம் கூடக்கூட அது ஏறிக்கொண்டே போகும்; எங்கும் நிலைகொள்ளாது. அந்த வளைகோடு காட்டுவது நிலத்தின் சரிவை. கிணறுகளுக்கு இடையிலான உறவைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. எனவே கடினப்பாறைப் பகுதியில் சாதாரணக் கிரிகிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். தட்டையான வண்டலில், கிணறுகள் அடர்த்தியாக இருந்து, பெரிய நீரிறைப்பு மையம் எதுவும் இல்லாத இடத்தில் அது போதும்.

இயற்பியலைப் போக்காகச் சேர்ப்பது

மூன்றாவது முறை வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. நீர்மட்டத்தில் நமக்குக் காரணம் தெரிந்த பகுதியை ஒரு போக்காக எழுதிவிட்டு, மிஞ்சும் எச்சத்தை மட்டும் கிரிகிங்கிடம் விடுவது. எதைப் போக்காக எழுதுவது என்பதில்தான் இடத்தைப் பற்றிய அறிவு வேலை செய்கிறது.

நொய்யலில் முதலில் வருவது தரையின் உயரம். செயற்கைக்கோள் தந்த உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் டெஸ்பராட்ஸ் குழுவினர் 2002இல் இந்த வழியைச் சோதித்து எழுதினார்கள். நம் பகுதியில் இதைச் செய்பவர் மூன்று இடங்களில் கவனம் வைக்க வேண்டும்.

முதலாவது, பொருத்தத்தின் அளவைக் கண்டு ஏமாறக் கூடாது. நிலம் 250 மீட்டர் சரியும் இடத்தில் நீரின் ஆழம் 10 மீட்டருக்குள் மாறினால், நீர்மட்ட உயரத்துக்கும் தரை உயரத்துக்கும் உள்ள தொடர்பு 99 விழுக்காடு என்று எந்த மென்பொருளும் சொல்லும். நீர் மலையடிவாரத்தில் உயரமாகவும் சமவெளியில் தாழ்வாகவும் இருக்கிறது என்பதைத் தவிர அதில் புதிய செய்தி இல்லை. எச்சத்தின் சராசரிப் பிழை எத்தனை மீட்டர் என்பதை, அளந்த ஆழங்களின் பரவலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழை அந்தப் பரவலைவிடக் குறையவில்லை என்றால் போக்கு எதையும் கற்றுத் தரவில்லை என்று பொருள்.

இரண்டாவது, தரை உயரம் என்று நாம் எடுத்துக்கொள்வது உண்மையில் தரையா என்பது. இந்தத் தரவுகள் மேற்பரப்பை அளப்பவை. அடர்ந்த தென்னந்தோப்பு இருந்தால் ஓலைகளின் உயரமும் அதில் சேர்ந்துவிடும். கிணற்றின் உயரத்தைக் களத்தில் அளப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் கருவி அடிப்படையில் கணக்கிடும் உயரம் புவியின் வடிவத்தைக் குறிக்கும் ஒரு கணிதப் பரப்பிலிருந்து அளந்தது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த பெரும் பள்ளம் இருப்பதால், தமிழ்நாட்டில் அந்தப் பரப்புக்கும் கடல் மட்டத்துக்கும் 80 முதல் 100 மீட்டர் வரை வேறுபாடு உண்டு. திருத்தம் செய்த கிணறுகளையும் செய்யாதவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, முன்பு சொன்ன நீரிறைப்பு. மலையடிவாரத்தில் தரை உயரம் நல்ல வழிகாட்டியாக இருக்கும். தீவிரமாக இறைக்கும் குறுவட்டங்களில் அதன் பிடி தளர்ந்துவிடும். ஆகவே வடிநிலம் முழுமைக்கும் ஒரே கெழுவை (தரை உயரத்தோடு நீர்மட்டம் மாறும் விகிதத்தை) திணிக்காமல், மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் தனித்தனியே பொருத்திப் பார்ப்பது நல்லது.

அடுத்தது ஆறு. பாடநூல்கள் ஆற்றின் நீர்மட்டத்தையே நிலத்தடி நீர்மட்டமாகக் கரையோரம் புள்ளிகளாக இடச் சொல்லும். ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடி, அந்த நீரும் நிலத்தடி நீரும் தொட்டுக்கொண்டிருந்தால் அது சரி. நொய்யலில் பல மாதங்கள் நீரோட்டம் இருப்பதில்லை. இருக்கும் நாட்களிலும் ஆற்றுப்படுகைக்குக் கீழே பல மீட்டர் ஆழத்தில் நிலத்தடி நீர் தனியே நிற்கக்கூடும். அங்கே படுகையின் உயரத்தை நீர்மட்டமாக இட்டால், வறட்சியின் நடுவே ஆற்றையொட்டி வளமான நீலப் பட்டை ஒன்றை நாமே உண்டாக்கிவிடுவோம். அப்படிப்பட்ட நாட்களில் படுகையின் உயரத்தை மேல்வரம்பாக மட்டும் கொள்ள வேண்டும்.

மீஞ்சூரில் இயற்பியல் வேறு வடிவத்தில் நுழைகிறது. சென்னையின் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் நீண்ட காலம் இறைத்ததில் இங்கே நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போனது. கடல்நீர் உட்புகுவது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. கரையில் கிணறுகள் இல்லை என்றால் சாதாரணக் கிரிகிங் உள்நாட்டுப் பள்ளத்தின் தாழ்ந்த மட்டத்தை அப்படியே நீட்டி, கடற்கரையிலும் நீர்மட்டம் சுழியத்துக்குக் கீழே என்று வரையும். கரையெங்கும் சுழியம் என்று புள்ளிகளை இட்டால் அந்தப் பிழை நீங்கும். உப்பு நீரின் அடர்த்திக்காக ஒரு சிறு திருத்தம் தேவை என்றாலும், முதல் வரைவுக்கு இதுவே பெரிய முன்னேற்றம். இங்கே துல்லியம் முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு: கைபன்–ஹெர்ஸ்பெர்க் உறவின்படி கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். வரைபடத்தின் ஒரு மீட்டர் பிழை உப்பு நீரின் எல்லையை நாற்பது மீட்டர் இடம் மாற்றிக் காட்டும்.

நீர் இறைக்கும் கிணறுகளின் தொகுதியைச் சுற்றி நீர்மட்டம் கிண்ணம்போல் குழிவதையும் போக்கில் சேர்க்கலாம். இறைக்கும் கிணற்றிலிருந்து விலக விலக மட்டத் தாழ்வு தூரத்தின் மடக்கைக்கு ஏற்பக் குறையும் என்பது 1906இல் தீம் தந்த விதி. டோங்கினும் லார்சனும் 2002இல் இந்த மடக்கைக் கூறையும் வட்டாரச் சரிவையும் போக்காகக் கொண்டு கிரிகிங் செய்யும் வழியை வெளியிட்டார்கள். கிணற்றின் இடமும் இறைக்கும் அளவும் தெரிந்திருந்தால், அளவிடும் கிணறுகள் சில மட்டுமே இருந்தாலும் குழிவின் வடிவம் நம்பத்தக்கதாக வந்துவிடுகிறது. மீஞ்சூர் போன்ற இடத்துக்கு, நான் அறிந்தவரை, உழைப்புக்கு இவ்வளவு பலன் தரும் சேர்க்கை வேறில்லை.

தடைகளையும் மறக்கக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் டாலரைட் பாறைச் சுவர்கள் நிலத்தைக் குறுக்கே வெட்டிக் கிடக்கின்றன. அத்தகைய சுவரின் இருபுறமும் நீர்மட்டம் பல மீட்டர் வேறுபடலாம். அங்கே சுவரைத் தாண்டிக் கிணறுகளைக் கலக்காமல், இரு பக்கத்தையும் தனித்தனி நிலப்பரப்பாகக் கொண்டு வரைய வேண்டும்.

முழுமையான எண்முறை மாதிரி

டார்சி 1856இல் கண்ட விதியையும் நீரின் அளவு மாறாது என்ற நியதியையும் சேர்த்து, நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரவு செலவைக் கணக்கிடுவது மாட்ஃப்ளோ. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1980களில் வெளியிட்டு இன்றுவரை வளர்த்துவரும் மென்பொருள் இது. இதன் வரைபடத்தில் நீர் ஒருபோதும் காரணமின்றித் தோன்றாது, மறையாது. இறைப்பைப் பாதியாகக் குறைத்தால் என்ன, தடுப்பணை கட்டினால் என்ன என்று கேட்கவும் முடியும். மற்ற மூன்று முறைகளாலும் இந்தக் கேள்விகளுக்கு விடை தர இயலாது.

ஆனால் இதற்குத் தீனி வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கடத்துத்திறன், நீர் விடுதிறன் (மட்டம் தாழும்போது அடுக்கு தன் கன அளவில் எத்தனை பங்கு நீரை விடும் என்பது), ஊறும் அளவு, இறைக்கும் அளவு தேவை. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தரப்படும் மாநிலத்தில் மோட்டார்கள் எவ்வளவு நீரை இறைக்கின்றன என்பதற்கு நேரடி அளவீடு அரிது. பயிர்ப் பரப்பிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. நீர்மட்டங்களை மட்டும் வைத்து மாதிரியைச் சரிசெய்ய முனைந்தால் இன்னொரு சிக்கல் எழுகிறது. நிலையான ஓட்டத்தில் ஊறும் அளவையும் கடத்துத்திறனையும் ஒருசேர இரட்டிப்பாக்கினால் நீர்மட்டம் அப்படியே இருக்கும். அதாவது அளந்த மட்டங்களோடு மாதிரி அழகாகப் பொருந்துவதால் மட்டும் அதன் நீர்க்கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஓடைகளில் கசியும் நீரையோ, நீரேற்றுச் சோதனைகளையோ (கிணற்றில் தொடர்ந்து இறைத்து மட்டம் தாழ்வதைப் பார்ப்பது) தனியே அளந்து கொடுக்கும்போதுதான் இந்த முடிச்சு அவிழும்.

மேலும், ஒரு வடிநில மாதிரி கிணற்றில் அளந்த மட்டத்திலிருந்து சில மீட்டர் விலகுவது இயல்பு. அதனால் இன்றைய நீர்மட்டம் என்ன என்ற கேள்விக்கு மட்டும் விடை வேண்டுமானால், மாதிரியின் விடையைப் போக்காகக் கொண்டு, அளந்தவற்றுக்கும் அதற்கும் உள்ள எச்சத்தைக் கிரிகிங் செய்வது இரண்டின் நன்மையையும் தரும். மாதிரி ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இதைச் செய்யாமல் விடக் கூடாது. மாதிரி இல்லாத இடத்தில் ஒரு வரைபடத்துக்காக மட்டும் அதை உருவாக்குவது காலத்துக்கும் பணத்துக்கும் தகாது.

ராண்டம் ஃபாரஸ்ட் போன்ற இயந்திரக் கற்றல் முறைகளும் இப்போது முன்வைக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கான கிணறுகள் இருக்கும் நாட்டளவு வரைபடத்துக்கு அவை பொருந்தும். நாற்பது கிணறுகளுக்கு அவற்றை நான் எடுக்க மாட்டேன்.

எந்த முறையாலும் ஈடுசெய்ய முடியாதவை

வறண்ட கிணற்றை என்ன செய்வது என்பதை மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புகிறேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் அளக்கப் போனால், 18 மீட்டர் ஆழமுள்ள திறந்தவெளிக் கிணற்றின் அடியில் பாறை மட்டும் தெரியும். பதிவேட்டில் ‘வறண்டது’ என்று எழுதப்படும். கணினியில் ஏற்றும்போது எண் இல்லாத அந்த வரி நீக்கப்படும். விளைவு என்னவென்றால், வறட்சி எங்கே கடுமையோ அங்கேயே தரவு மறைகிறது. எஞ்சிய, நீர் உள்ள கிணறுகளை வைத்து வரைந்த படம் உண்மையைவிட வளமாகத் தெரிகிறது. வறண்ட கிணறும் ஒரு செய்தி சொல்கிறது: நீர் 18 மீட்டருக்கும் கீழே. அந்தக் கிணற்றைச் சமனின்மைக் கட்டுப்பாடாக, அதாவது ‘இந்த ஆழத்துக்கும் கீழே’ என்ற வரம்பாக, உள்ளே கொண்டுவரக் கூடிய முறைகள் உண்டு. அவை கைவசம் இல்லை என்றால், படத்தை வரைந்த பின் வறண்ட கிணறுகளின் இடங்களில் அது என்ன சொல்கிறது என்று பார்த்து, நீர் 18 மீட்டரைவிடக் குறைந்த ஆழத்தில் இருப்பதாகக் காட்டினால் அங்கே கிணற்றின் அடிமட்டத்தையாவது புள்ளியாக இட்டு மீண்டும் வரைய வேண்டும்.

அடுத்தது, எந்த நீரை அளக்கிறோம் என்பது. கடினப்பாறையில் திறந்தவெளிக் கிணறு சிதைந்த பாறை அடுக்கின் நீர்மட்டத்தைக் காட்டுகிறது. நூற்றுக்கணக்கான அடி இறங்கும் ஆழ்துளைக் கிணறு கீழே உள்ள வெடிப்புகளின் அழுத்தத்தைக் காட்டுகிறது. மீஞ்சூரில் களிமண்ணுக்கு மேலும் கீழும் தனித்தனி நீர்த்தாங்கிகள் உள்ளன. ஒரே ஊரில் கிணற்றில் 10 மீட்டரிலும் போரில் 60 மீட்டரிலும் நீர் நின்றால், இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்ப்பது அங்கே இல்லாத ஒரு நீரை வரைவதாகும். இரண்டு வரைபடங்கள் வேண்டும். ஒன்றுக்கு மட்டுமே தரவு போதுமானால் ஒன்றையே வரைய வேண்டும்.

அளக்கும் நேரமும் அப்படியே. மும்முனை மின்சாரம் வந்து மோட்டார்கள் ஓடத் தொடங்கிய பின் அளந்த மட்டம் அந்தக் கிணற்றின் இறைப்பைச் சொல்லும். வடிநிலத்தின் நிலையைச் சொல்லாது. கைப்பிடிச் சுவரின் மேலிருந்து நாடாவை விட்டால் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். இவை சிறியவை என்று தோன்றலாம்; ஆனால் மணலில் நீர்மட்டச் சரிவே கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டராக இருக்கும்போது, முக்கால் மீட்டர் சுவர் நீரோட்டத்தின் திசையையே மாற்றிவிடும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. நெதர்லாந்தில் மரபாக மாதந்தோறும் 14, 28 தேதிகளில் அளந்து, எட்டு ஆண்டுகளின் உச்ச மட்டங்களைச் சராசரி பார்த்தே வரைபடம் வரைகிறார்கள். கடினப்பாறையின் நீர் விடுதிறன் 1 முதல் 3 விழுக்காடு என்பதால், 100 மில்லிமீட்டர் ஊறினாலே மட்டம் ஐந்து மீட்டர் ஏறலாம். ஒரு வாரம் முன்பின்னாக அளந்த கிணறுகள் இடையே ஒரு பெருமழை விழுந்தால் அவை ஒரே வரைபடத்துக்கு உரியவை அல்ல.

எந்த முடிவுக்கு எந்த முறை

மழையால் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று மதிப்பிட வேண்டுமானால், மே மாத வரைபடத்தை ஜனவரி வரைபடத்திலிருந்து கழிக்கக் கூடாது. ஒவ்வொரு கிணற்றிலும் ஏற்றத்தை முதலில் கணக்கிட்டு, அந்த ஏற்றத்தையே சாதாரணக் கிரிகிங்கால் வரைவது சிறந்தது. தரை உயரத்தில் இருந்த பிழை முழுவதும் கழிந்துவிடும். தரையின் சாய்வால் வரும் தாக்கமும் பெரும்பாலும் நீங்கும். நான்கு மீட்டர் ஏற்றம், 2 விழுக்காடு விடுதிறன் என்றால் 80 மில்லிமீட்டர் சேர்ந்திருக்கிறது. இந்த ஒரு பணியில் எளிய முறை சிக்கலான முறையை வெல்கிறது.

நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பகுதி தாழ்ந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கவும், தடுப்பணைக்கு இடம் தேரவும் நொய்யல் போன்ற வடிநிலத்தில் தரை உயரத்தைப் போக்காகச் சேர்த்த கிரிகிங்கையே தேர்வேன். ஒவ்வொரு கிணறாக ஒதுக்கிவைத்து, மற்றவற்றைக் கொண்டு அதன் மட்டத்தைக் கணித்துப் பார்த்து, பிழை எத்தனை மீட்டர் என்பதைப் படத்திலேயே அச்சிடுவேன். மீஞ்சூரில் கடலும் மடக்கைக் குழிவும் சேர்ந்த கிரிகிங்கில் தொடங்குவேன். ஆனால் எவ்வளவு இறைப்பைக் குறைத்தால் உப்பு நீர் பின்வாங்கும் என்று அரசு கேட்டால், அடர்த்தி வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளும் எண்முறை மாதிரி தவிர வேறு வழியில்லை. அதற்கான நீரேற்றுச் சோதனைகளுக்கும் இறைப்பு அளவீட்டுக்கும் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

ஒரு விவசாயி தன் நிலத்தில் எங்கே போர் போடலாம் என்று கேட்டால், இந்த நான்கில் எதையும் காட்டக் கூடாது. கடினப்பாறையில் வெடிப்பு கிடைப்பதும் கிடைக்காததும் இருபது மீட்டருக்குள் மாறும். நம் கிணறுகள் பல கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அவர் கடன் வாங்கித் துளையிடும் ஆழத்தை இந்தப் படத்திலிருந்து யாரும் சொல்ல முடியாது என்பதைப் படத்தின் கீழேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

அச்சிடும் படத்தில் அளந்த கிணறுகளும் வறண்ட கிணறுகளும் தனித்தனிக் குறியோடு தெரிய வேண்டும். அளந்த தேதிகளும், எந்த அடுக்கின் நீர் என்பதும் இருக்க வேண்டும். எந்தக் கிணற்றிலிருந்தும் வேரியோகிராமின் வீச்சுக்கு அப்பால் உள்ள பகுதியை நிறம் தீட்டாமல் வெண்மையாக விடுவது நல்லது. புதிதாக இரண்டு மூன்று கண்காணிப்புக் கிணறுகளுக்கு நிதி வந்தால், அந்த வெண்மையான இடங்களில், முதலில் மேட்டு நிலங்களில் அவற்றைத் தோண்ட வேண்டும். பள்ளங்களில் கிணறுகள் ஏற்கெனவே இருக்கின்றன.